செருப்பும் ஓலையும்: குவாண்டம் பின்னல் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொண்டு விடுகிறேன். ஆண்டிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். 2022 அக்டோபரில் ஆலன் ஆஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு அறிவித்தபோது, "குவாண்டம் பின்னல்னா என்ன சார்?" என்று கேட்டார்கள். நான் செருப்புக் கதையைச் சொன்னேன்.

ஒரு ஜோடி செருப்பைப் பிரித்து, ஆளுக்கொரு பெட்டியில் போட்டு மூடுகிறோம். ஒரு பெட்டி இங்கேயே இருக்கிறது. மற்றது விருத்தாசலத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறது. இங்கே திறந்தால் இடது கால். அந்த நொடியே சென்னையில் இருப்பது வலது கால் என்று தெரிந்துவிடுகிறது. எவ்வளவு தூரமானாலும் சரி!

ஒரு மாணவி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கிளம்பும்போதே அது இடது, இது வலதுன்னு இருந்துச்சே சார். இதுல என்ன ஆச்சரியம்? இதுக்கா நோபல் பரிசு?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னது கிட்டத்தட்ட ஐன்ஸ்டைனின் கட்சி என்பது ராத்திரிதான் உறைத்தது. நான் பின்னலை விளக்குவதாக நினைத்துக்கொண்டு, பின்னலே தேவையில்லை என்பவர்களின் கதையைச் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் படித்துக் குறித்து வைத்ததுதான் இது.

1935 மே மாதம் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் எழுதிய கட்டுரை 'பிசிக்கல் ரிவ்யூ'வில் வந்தது. ஒன்றாகப் பிறந்து தூரமாகப் பிரிந்த இரண்டு துகள்கள். ஒன்றை அளந்தால் மற்றதன் விடை உறுதியாகத் தெரிகிறது. இங்கே அளப்பது அங்கே உள்ளதைத் தொட முடியாது என்றால், அந்த விடை முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். குவாண்டம் கோட்பாட்டில் அதற்கு இடமில்லை. ஆகவே கோட்பாடு முழுமையானதல்ல. அந்த ஒளிந்திருக்கும் விவரத்துக்குப் பிற்பாடு வந்த பெயர்தான் மறைமாறி. அதே ஆண்டு அக்டோபரில் அதே இதழில் நீல்ஸ் போர் பதில் எழுதினார். எதை அளக்கிறோம் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, துகளிடம் என்ன இருந்தது என்று பேசவே முடியாது என்பது அவர் வாதம். உண்மையைச் சொன்னால் அந்தப் பதிலை நாலு முறை படித்தும் எனக்குப் பாதிதான் பிடிபட்டது.

இந்தச் சண்டையின் ஒரு தரப்பு நம்மூர்ப் பக்கம் வந்து போயிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1960 ஜனவரியில் போர் சென்னைக்கு வந்தார். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன், மயிலாப்பூரில் 'ஏகாம்ர நிவாஸ்' என்ற தங்கள் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி வைத்துக் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். அங்கே போர் போனார். அந்த இளைஞர்களைப் பற்றி அவர் உயர்வாகப் பேசியது நேருவின் காதுக்கு எட்டியது. 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. இன்று அது தரமணியில் இருக்கிறது.

போர் மயிலாப்பூரில் உட்கார்ந்திருந்தபோது சண்டைக்கு வயது இருபத்தைந்து. சோதனை செய்து தீர்க்கக்கூடிய சங்கதி இது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ரசனை வேறுபாடு, தத்துவம் என்று ஒதுக்கிவிட்டு எல்லோரும் அவரவர் கணக்கைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஐன்ஸ்டைன் 1955-இல் காலமாகிவிட்டார். போர் 1962 நவம்பரில். வழி கண்டுபிடித்த ஜான் பெல்லின் கட்டுரை வந்தது 1964-இல். இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

பெல் என்ன செய்தார்? செருப்பை விட்டுவிட்டு நாடி ஜோதிடத்துக்கு வருவோம். வைத்தீஸ்வரன்கோயிலில் நம் விடையெல்லாம் முன்னமே ஓலையில் எழுதியிருக்கிறது என்பார்களே, அதுபோல ஒவ்வொரு ஒளித்துகளும் ஒரு ஓலையோடு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஐன்ஸ்டைன் கட்சி. துகளிடம் மூன்று கேள்விகளில் ஏதாவது ஒன்றைக் கேட்கலாம். போலராய்டு கண்ணாடியை 0, 60, 120 டிகிரியில் ஏதோ ஒன்றில் வைப்பதுதான் கேள்வி. கண்ணாடியைத் தாண்டினால் 'ஆம்', தடுக்கப்பட்டால் 'இல்லை'.

இருபுறமும் ஒரே கேள்வியைக் கேட்டால் எப்போதும் ஒரே விடை வருகிறது. அப்படியானால் இரண்டு ஓலையிலும் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டும். இதுவரை செருப்புக் கதைதான், அதிசயமில்லை. இருபுறமும் வெவ்வேறு கேள்வி கேட்டால்தான் சிக்கல். ஓலையில் மூன்று விடைகள். எழுதக்கூடியதோ ஆம், இல்லை என்ற இரண்டே சொற்கள். ஆக மூன்றில் இரண்டாவது ஒத்துப்போயே தீரும். 'ஆம், ஆம், இல்லை' என்ற ஓலையை எடுத்தால், மூன்று ஜோடிக் கேள்விகளில் ஒரு ஜோடிக்கு விடை ஒன்றாக இருக்கும். மூன்றும் ஒரே விடை என்றால் எல்லா ஜோடிக்கும் ஒன்றாக இருக்கும். எப்படி எழுதினாலும், வெவ்வேறு கேள்விகளுக்கு விடை ஒத்துப்போவது மூன்றில் ஒரு பங்குக்குக் குறையவே முடியாது. குவாண்டம் கணக்கு சொல்வதோ நாலில் ஒரு பங்கு.

மூன்றில் ஒன்றா, நாலில் ஒன்றா? எண்ணிப் பார்த்துவிடலாமே! (பெல் எழுதிய சமனின்மை இதுவேயல்ல, இது அதன் எளிய வடிவம்.) 1972-இல் பெர்க்லியில் ஃப்ரீட்மனும் கிளாசரும் கால்சியம் அணுக்களை வைத்து முதலில் சோதித்தார்கள். ஓலை தோற்றது. 1982-இல் பாரிஸ் பக்கத்தில் ஆர்சேயில் ஆஸ்பே குழு ஒரு படி மேலே போனது. இருபுறக் கருவிகளுக்கும் இடையே சுமார் 12 மீட்டர். அதைக் கடக்க ஒளிக்கு 40 நானோநொடி வேண்டும். கேள்வியையோ 10 நானோநொடிக்கு ஒருமுறை மாற்றினார்கள். ஒரு பக்கம் மறுபக்கத்துக்குச் சேதி சொல்ல நேரமில்லை. 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் தள்ளி வைத்து, பெரிய ஓட்டைகளை ஒன்றாக அடைத்துச் செய்தார்கள். மொத்தம் 245 முறைதான் எண்ண முடிந்தது, பதினெட்டு நாளில். அதிலும் ஓலை தோற்றது.

இங்கே மறுபடி தரமணிக்குப் போக வேண்டும். போர் வருகையால் முளைத்த அதே நிறுவனத்திலிருந்து ஆர். சைமன் 2000-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். இடம், உந்தம் போன்ற தொடர்ச்சியான அளவுகளில், அதாவது 1935 கட்டுரை எடுத்துக்கொண்ட அதே அளவுகளில், பின்னல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. ஒரு பக்கத்து உந்தத்தை மட்டும் கணக்கில் திசை திருப்பிப் போடு. நிச்சயமின்மை விதி உடைந்தால் பின்னல் இருக்கிறது. காஸியன் நிலைகள் என்ற வகையில் உடையாவிட்டால் பின்னல் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதுதான்: அந்த காஸியன் நிலைகளில் பின்னல் இருந்தாலும், இடத்தையும் உந்தத்தையும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் ஓலைக் கதை தோற்பதே இல்லை. 1935 கட்டுரையின் நிலைக்கே இது பொருந்தும் என்று பெல் 1986-இல் காட்டியிருக்கிறார். அதாவது ஐன்ஸ்டைன் கேட்ட கேள்விகளுக்கு ஐன்ஸ்டைனின் பதில் சரிதான்! வேறு கேள்வி கேட்டால்தான் அது உடைகிறது. 'பின்னல் இருந்தால் மறைமாறி செத்தது' என்று எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போன வருஷம் வரை நானும்தான்.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவளை உட்காரவைத்து, நோட்டுத் தாளில் எட்டு ஓலைகளையும் எழுதச் சொன்னேன். எண்ணி முடித்துவிட்டு, "ஏமாத்தி எழுதினாகூட மூணுல ஒண்ணுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது சார்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாம எந்தக் கேள்வி கேப்போம்ங்கறதும் ஓலையிலேயே இருந்தா?"

நாடி ஜோதிடர்களும் அதைத்தான் சொல்வார்கள், நீ இங்கே வருவதே எழுதியிருக்கிறது என்று. இயற்பியலிலும் ஜெரார்ட் ட ஹூஃப்ட் போன்றவர்கள் அந்த வழியை இன்னும் விடவில்லை. 2018-இல் சைலிங்கர் குழு, கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தூரத்துக் குவேசார்களின் ஒளியிடம் விட்டது. ஒன்று கிளம்பி 780 கோடி ஆண்டு, மற்றது 1220 கோடி ஆண்டு. அப்போதும் ஓலை தோற்றது. யாராவது எழுதி வைத்திருந்தால் அதற்கும் முன்னால் எழுதியிருக்க வேண்டும் என்று சொன்னேன்.

"அதுக்கும் முன்னாடி எழுதியிருந்தா?" என்றாள்.