மாடி கட்டும் உரிமை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பிரம்மதேசம் என்று ஓர் ஊர் உண்டு. பாதாளீஸ்வரர், பிரம்மபுரீஸ்வரர் என இரண்டு சோழர் காலக் கோயில்கள் அங்கே இருக்கின்றன. அரசர்கள் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த நிலத்துக்குப் பிரம்மதேயம் என்று பெயர். இந்த ஊர்ப்பெயரும் அதைத்தான் நினைவூட்டுகிறது.

பல்லவர், சோழர் காலத்து நிலக்கொடைச் செப்பேடுகள் சிலவற்றில் ஒரு சலுகை வருகிறது. தானம் பெற்றவர்கள் சுட்ட செங்கல்லால் மாடமாளிகை கட்டிக்கொள்ளலாம்! இதைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், எல்லோருக்கும் அந்த உரிமை இல்லை என்றுதானே பொருள்?

இன்று சட்டம் சாதி பார்ப்பதில்லை. சென்னையில் மனைப்பரப்பைப் போல ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்ததை, 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இரண்டு மடங்காக்கின. 2400 சதுர அடி மனையில் 3600க்குப் பதில் 4800 சதுர அடி கட்டலாம். அதே நிலத்தில் இன்னும் சில குடும்பங்கள் வாழ இடம் கிடைக்கும். நல்லதுதான்.

அதற்கு மேலும் கட்ட வேண்டுமா? கட்டணம் செலுத்தினால் கூடுதலாக 30 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும். ஆனால் தெரு குறைந்தது 9 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 50 சதவீதம் வேண்டுமென்றால் 18 மீட்டர்.

அன்று தானம் பெற்றவருக்கு மாடி. இன்று அகலமான தெருவும் கையில் பணமும் இருப்பவருக்குக் கூடுதல் மாடி. 20 அடித் தெருவில் இருப்பவர் எங்கே போவார்?