வாடகைதாரரை அரசே தேர்ந்தெடுத்த காலம்

ஐதராபாத்தில் ‘டுலெட்’ பலகை தொங்கும் வீட்டின் கதவைத் தட்டுபவரிடம் வாடகைப் பேச்சுக்கு முன்பே விசாரணை தொடங்கிவிடும். எங்கே வேலை, குடும்பமா தனியாளா, எந்த ஊர், சைவமா அசைவமா? நம்பகமான ஆளைத் தேடும் வீட்டுக்காரரின் இக்கேள்விகளைத் தனிமனித விருப்புவெறுப்பு என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். இவற்றுக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டுத் தட்டுப்பாட்டில் பிறந்தவை நம் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகள். சென்னை மாகாணத்தில் 1941-இலும், நிஜாமின் ஆட்சிப் பகுதியில் பசலி 1353-இலும் (1943–44) அவை வந்தன. ஐதராபாத் மாநிலம் 1954-இல் தனிச் சட்டமே இயற்றியது. 1956 நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேசம் உருவாகி, தலைநகர் கர்நூலிலிருந்து ஐதராபாத்துக்கு மாறியபோது அரசு ஊழியர்களும் இடம்பெயர்ந்தனர். ஆந்திரப் பகுதியில் 1949-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமும் தெலங்கானாப் பகுதியில் 1954-ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்பிலிருந்தன. அவ்விரண்டின் இடத்தில் 1960-ஆம் ஆண்டின் பொதுச் சட்டம் வந்தது.

அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு இன்று படிப்பவருக்கு வியப்பளிக்கும். வீடு காலியானால் 10 நாட்களுக்குள் உரிமையாளர் அதை அரசு அலுவலருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசு அலுவலகத்துக்கோ அரசு அதிகாரி குடியிருக்கவோ வேண்டுமென்றால் அரசு அவ்வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால்தான் உரிமையாளர் தம் விருப்பப்படி வாடகைக்கு விடலாம். வாடகைதாரரைத் தேர்வு செய்யும் உரிமையில் முதல் இடம் அரசுக்கு! சட்டம் முன்னிறுத்திய வாடகைதாரர் அரசு உத்தியோகத்தர். வீட்டுக்காரர்களின் மனத்திலும் நெடுங்காலம் அவரே முதலிடத்தில் இருந்தார்.

10-ஆம் பிரிவு மறுமுனையைக் கட்டுப்படுத்தியது. குடிவந்தவரை வெளியேற்றச் சட்டம் சொன்ன காரணங்களுள் ஒன்றை மெய்ப்பிக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பது மட்டும் போதாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க எழுதப்படும் 11 மாத ஒப்பந்தமும் இங்கே உதவாது. எளியோர் திடீரென்று தெருவுக்கு வராமல் காத்த ஏற்பாடு இது. அதன் பக்கவிளைவையும் சொல்லத்தான் வேண்டும்: வெளிவாசல் குறுகியபோது உள்வாசலும் குறுகியது. பின்னால் அனுப்ப முடியாதவரை முன்னாலேயே தடுத்துவிடுவது என்ற பழக்கம் வேரூன்றியது.

புதிய கட்டுமானத்தை ஊக்குவிக்க, 1957 ஆகஸ்ட் 26-க்குப் பின் எழுந்த கட்டடங்களுக்கு அச்சட்டம் விலக்களித்திருந்தது. கால் நூற்றாண்டு கடந்தபின் இப்பாகுபாட்டுக்கு நியாயமில்லை என்று கூறி, 1983-இல் மோட்டார் ஜெனரல் டிரேடர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை நீக்கியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே மாநில அரசு புதிய ஆணை பிறப்பித்தது. கட்டி முடித்துப் பத்தாண்டு ஆகாத கட்டடங்களுக்கும், மாத வாடகை 1,000 ரூபாயைத் தாண்டியவற்றுக்கும் விலக்கு கிடைத்தது. வாடகைகள் ஏற ஏற, கட்டுப்பாட்டுக்கு வெளியே நின்ற வீடுகள் பெருகின.

ஆயினும் பழைய அச்சம் மறையவில்லை. அது மதம், சாதி, உணவு, திருமண நிலை ஆகியவற்றை நம்பகத்தின் அளவுகோலாக்கிக்கொண்டது. தில்லித் தலைநகர வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளும் முஸ்லிம்களும் வாடகை வீடு தேடும்போது சந்திக்கும் மறுப்பைப் பதிவு செய்தது. ஐதராபாத்தில் வீடு தேடி அலைந்த பலருக்கு அதைச் சொல்ல ஆய்வு தேவைப்படாது.

விடை பழைய சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வாடகைதாரரின் குறையாக 10-ஆம் பிரிவு எவற்றைச் சொல்கிறது? வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுவது, குடியிருக்க வாங்கிய இடத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது, கட்டடத்தைச் சிதைப்பது, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாவது. நம்பகம் என்பதற்கு நீதிமன்றங்கள் பல்லாண்டுகளாக எடைபோட்டுவந்த பொருள் இவ்வளவே. வருமானச் சான்று, அடையாளச் சான்று, முந்தைய வீட்டுக்காரரின் சொல், பயன்பாட்டைத் தெளிவாகக் குறிக்கும் எழுத்து ஒப்பந்தம் ஆகியவற்றைக் கொண்டு இவற்றைப் பெருமளவு சோதித்துவிடலாம்.

அந்தப் பட்டியலில் சாதி இல்லை. சமையலறையில் என்ன வேகிறது என்பதும் இல்லை. வீட்டுக்காரரின் அச்சம் நியாயமானது. அதற்கான கேள்விகளும் அப்பட்டியலுக்குள் நிற்க வேண்டும்.