குடல் அறுவையும் கிருமியும்

பெருங்குடலில் தோன்றும் புற்றுநோயை அறுத்து எடுத்த பின், சிலருக்குக் கிருமித் தொற்று உண்டாகிறது. "கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே, சீழ் பிடித்தால் என்ன, மருந்து கொடுத்தால் ஆறிவிடும்" என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. அந்த எண்ணம் சரிதானா? வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஒரு காலத்தில் வயிற்றைத் திறப்பதென்பது எமனுக்கு வாசல் திறப்பது போலவே இருந்தது. அறுவை நன்றாக முடிந்தாலும் புண் அழுகி நோயாளி மாண்டு போவார். அழுகலுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே என்று உணர்ந்தவர் ஜோசப் லிஸ்டர். 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணில், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை அவர் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. கால் தப்பியது.

அடுத்து வந்தது, பால்மரம் வெட்டும் நமக்கு நெருக்கமான ஒன்று: ரப்பர் கையுறை. 1889-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், கிருமி கொல்லும் மருந்து பட்டு ஒரு தாதியின் கைகள் புண்ணாயின. அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் மருத்துவர். தாதியின் கையைக் காக்க வந்த கையுறை, பின்னர் நோயாளியின் உயிரையே காக்கலாயிற்று. இன்று உலகிற்குக் கையுறை அளிக்கும் முதன்மை நாடுகளுள் மலேசியாவும் ஒன்று.

இவை யாவும் வெளியிலிருந்து வரும் கிருமியைத் தடுத்தன. குடலிலோ கிருமி உள்ளேயே குடியிருக்கிறது! நோயுற்ற பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறார்கள். அந்த இணைப்பு சற்றே விட்டாலும் மலமும் கிருமியும் வயிற்றுக்குள் கசியும்.

இதற்கு வழிகாட்டியது 1961-இல் ஜான் பர்க் என்பவர் செய்த ஆய்வு. கிருமி நுழைந்த பின் மருந்து கொடுப்பதைவிட, நுழையும் முன்பே அது உடலில் இருந்தால்தான் முழுப் பயன் என்று விலங்குகளில் சோதித்துக் காட்டினார். பின்னர், 1965 முதல் 1980 வரை நடந்த 26 குடல் அறுவை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். முன்கூட்டி மருந்து பெறாதவர்களில் 100-க்கு 36 பேருக்குத் தொற்று வந்தது. பெற்றவர்களில் 22 பேருக்கே வந்தது. மரணமும் 100-க்கு 11 என்ற அளவிலிருந்து ஐந்துக்கும் கீழே இறங்கியது.

அத்துடன் கதை முடிந்ததா? இல்லை. மருத்துவ உலகம் பிறகு, பல ஆண்டுகள் கழித்து அந்த நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தது. 2011-இல், சுமார் 22,000 நோயாளிகளைப் பற்றிய 21 ஆய்வுகள் சேர்த்து ஆராயப்பட்டன. குடல் இணைப்பில் கசிவு ஏற்பட்டவர்களுக்குப் புற்றுநோய் அதே இடத்தில் திரும்பி வருவதும், அதனால் மரணம் நேர்வதும் அதிகம் என்று தெரிந்தது.

காரணம் என்ன? தொற்றினால் உடல் தளர்கிறது. எஞ்சிய புற்றணுக்களை அழிக்கக் கொடுக்கும் மருந்துச் சிகிச்சை தள்ளிப் போகிறது. சிலருக்கு அது கிடைக்காமலே போகிறது. கசிவினால் உண்டாகும் அழற்சி, புற்றணுக்கள் வளர இடம் தருகிறது என்றும் மருத்துவர்கள் கருதுகின்றனர். தோலின் மேலாகச் சீழ் பிடிப்பது பெரும்பாலும் ஆறிவிடும். ஆனாலும் அந்தத் தையல் வலுவிழந்து, பின்னாளில் குடல் பிதுங்க வாய்ப்புண்டு. வயிற்றின் உள்ளே நேரும் தொற்றுக்கே நாம் மிகவும் அஞ்ச வேண்டும். எனினும், தொற்று வந்தவர் எல்லாருக்கும் நோய் திரும்பும் என்பதில்லை. காலத்தோடு கண்டுபிடித்தால் நலம் பெறுவோர் பலர்.

ஆகவே, பெற்றோரே, தாய்மாரே! அறுவைக்கு முன் புகைப்பதை விடுங்கள். நீரிழிவு இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். வீடு திரும்பிய பின் காய்ச்சல், குளிர் நடுக்கம், வயிற்று வலி, வீக்கம், புண்ணில் சிவப்பு அல்லது சீழ் கண்டால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். புண்ணின் மேல் பச்சிலையோ மஞ்சளோ அப்ப வேண்டாம். வேலைநாள் போகிறதே என்றும் எண்ண வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்த ஒரு நாள், பின்வரும் பல ஆண்டுகளைக் காக்கக் கூடும்.