அம்மைத் தழும்பும் டார்ச் லைட்டும்

என் பாட்டியின் இடது கையில் இரண்டு வட்டத் தழும்புகள் உண்டு. கீழ்பென்னாத்தூர் பக்கத்து கிராமத்தில் சிறுமியாக இருந்தபோது அம்மை குத்தியது. "அம்ம குத்தறவரு வர்றாருன்னா வைக்கப்போருக்குப் பின்னால ஒளிஞ்சிக்குவோம்" என்பார். அந்த மனிதரை அனுப்பியது யார் என்று ஒருநாள் தேடத் தொடங்கினேன்.

தேடல் 1871-க்குப் போனது. மெட்ராஸ் மாகாணத்தின் உள்ளூர் நிதிச் சட்டம், சாலை, பள்ளிக்கூடம், மருந்தகம், அம்மை குத்துதல், துப்புரவு எல்லாவற்றையும் உள்ளூர் வாரியங்களிடம் கொடுத்தது. செலவுக்கு நிலத்தின் மீது வரி. பேர் என்னவோ உள்ளாட்சி. நடந்தது, மேலிருந்த அரசு தன் செலவைக் கீழே இறக்கி வைத்தது. பொறுப்பு வந்த அளவுக்குப் பணமோ படித்த ஆளோ வரவில்லை. மென்பொருள் வேலையில் இது எங்களுக்குப் பழக்கம்தான்: டிக்கெட் நம்ம பேரில் இருக்கும், சர்வரைத் தொட அனுமதி இருக்காது.

இதற்கு ஒரு பதில் 1939-இல் வந்தது. ராஜாஜி அமைச்சரவையில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சர். அப்போது நிறைவேறிய மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அந்த வகையில் முதலாவது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், கொசு என்று ஒவ்வொன்றிலும் உள்ளாட்சியின் கடமை என்ன, அது செய்யாவிட்டால் அரசு என்ன செய்யலாம் என்று எழுதி வைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பல மாநிலங்கள் பொதுச் சுகாதாரத்தை மருத்துவத் துறைக்குள் கரைத்துவிட்டன. ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியும், வராமல் போன காலரா தெரியாது. ஒரே பெட்டியில் போட்டால் பணம் எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். தமிழ்நாடு தனி இயக்குநரகத்தை விடாமல் வைத்துக்கொண்டது.

அதனால்தான் இன்றும் வேலை இரண்டு கைகளில் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலப்பது பேரூராட்சி ஆள். குழாய்த் தண்ணீரில் அது இருக்கிறதா என்று பார்ப்பது சுகாதார ஆய்வாளர். ஒருவர் மறந்தால் இன்னொருவர் கேட்கலாம்.

ஆனால் சட்டத்தின் கடைசிக் கண்ணி ஒரு மனிதர். டெங்கு சீசனில் டார்ச் லைட்டோடு வந்து எங்கள் வீட்டுத் தொட்டியில் புழு தேடும் அக்காவுக்குத் தினக்கூலிதான். நூற்றைம்பது வருடமாகப் பொறுப்பு கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. நிரந்தரச் சம்பளம் மட்டும் அவர்வரை இறங்கவில்லை.

போன மாதம் அவர் வந்தபோது பாட்டிதான் கதவைத் திறந்தார். "வாம்மா, மொதல்ல தண்ணி குடி" என்றார். இந்த முறை ஒளிந்துகொள்ளவில்லை.