ஸ்ரீமதியா, சௌ.வா?

புனே, நாக்பூர் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பொங்கல் விழாவுக்கோ வளைகாப்புக்கோ மராத்தியில் பத்திரிகை அடித்தால் ஒரு சொல்லில் ஜாக்கிரதை தேவை. 'திருமதி'யை நாம் அப்படியே 'ஸ்ரீமதி' ஆக்கிவிடுகிறோம். மராத்தி வழக்கில் கணவர் இருக்கும் பெண்ணுக்கு 'சௌ.', அதாவது சௌபாக்யவதி. ஸ்ரீமதி என்றிருந்தால் கணவரை இழந்தவர் என்றே பலரும் படிப்பார்கள். வங்கிப் படிவத்தில் எல்லாருக்கும் ஸ்ரீமதிதான், அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. பத்திரிகை என்றால் கதை வேறு.

நம்மிடமும் இந்த முன்னொட்டுகளுக்குப் பெரிய சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரர் காலத்து மதராஸ் மாகாணத்தில் துரைகளுக்கு 'எஸ்கொயர்'. நம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு 'மகாராஜராஜஸ்ரீ', கடைசியில் ஓர் 'அவர்கள்'. அரசாங்கக் காகிதத்தில் அதை எம்.ஆர்.ஆர்.ஒய். என்று சுருக்கினார்கள். (ராஜ்யமே இல்லாத எத்தனை மகாராஜாக்கள்!) பிறகு ஸ்ரீமான், ஸ்ரீமதி. தனித்தமிழ் இயக்கம் திரு, திருமதியை ஊன்றியது. 1967இல் அண்ணா முதல்வரானதும் ஸ்ரீ போய், திரு, திருமதி, செல்வி என்பவை அரசு வழக்காயின. கல்யாணப் பத்திரிகையில் சிரஞ்சீவியும் சௌபாக்யவதியும் பல வீடுகளில் திருவளர்செல்வன், திருவளர்செல்வி ஆனார்கள்.

வடமொழியா தமிழா என்றுதான் அப்போது சண்டை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கணவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திருமதி திருமதிதான்.

மராத்தியில் அப்படியில்லை. கணவரை இழந்தவர்களுக்கு 'கங்கா பாகீரதி' என்றே ஒரு பட்டம், சுருக்கமாக 'கங். பா.' புண்ணிய நதியின் பெயர், மரியாதைதான் என்பார்கள். எங்கள் கிளைக்கு பென்ஷன் வாங்க வரும் ஓர் அம்மா, தன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் காட்டினார். மருமகள்கள் எல்லாரும் சௌ., அவர் மட்டும் கங். பா. "என் பேரைப் படிக்கறதுக்கு முன்னாடியே இவர் போனதைப் படிச்சுடறாங்க" என்றார். மனைவியை இழந்த ஆணுக்கு இப்படி ஒரு பட்டம் எந்தப் பத்திரிகையிலும் நான் பார்த்ததில்லை. 2023 ஏப்ரலில் மகாராஷ்டிர அமைச்சர் மங்கள் பிரபாத் லோதா, கைம்பெண்களுக்கு இதே பெயரை அரசு வழக்காக்கலாமா என்று யோசனை சொன்னபோது பெண்கள் அமைப்புகளிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது.

எங்கள் பொங்கல் விழா அழைப்பிதழின் மராத்திப் பக்கத்தில் இப்போது பெண்கள் பெயருக்கு முன்னால் எதுவும் போடுவதில்லை. பெயருக்குப் பின்னால் 'தாயி', அதாவது அக்கா. மூத்த உறுப்பினர்கள் இருவருக்கு அது மொட்டையாகத் தெரிகிறது. கமிட்டியில் பேச்சு இன்னும் ஓயவில்லை.