சென்னை வெயிலில் விலங்கு வேஷம்

மயிலைக் கபாலீசுவரர் ஆலயத்தில், புன்னை மரத்தடியில் அமைந்த சிறு சந்நிதியில், அம்பிகை மயிலுருக்கொண்டு சிவலிங்கத்தைப் பூஜிக்கும் கோலத்தைச் சிற்பமாகக் காணலாம். கவனம் சிதறியமையால் சாபம் பெற்ற தேவி பறவையுடல் தாங்கித் தவமிருந்து மீண்டும் தன்னுருப் பெற்ற கதையை அறியாத மயிலாப்பூர்வாசி இரார். தெய்வமே பிறிதோர் உயிரின் வேஷம் பூண்ட தலத்தில் வாழ்கிறவர்கள், நம் நாட்டு இளைஞருள் ஒரு சிலர் செயற்கை ரோமத் துணி வாங்கி, நரியாகவும் ஓநாயாகவும் தம்மை மூடிக்கொள்ளும் முழு உடைகளைப் பொழுதுபோக்காக வீட்டிலேயே தைத்துக்கொள்வதைக் கேட்டு முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. ‘ஃபர்சூட்’ என்று வழங்கும் அவ்வுடையை மேனாட்டு மோகம் என்று பெரியவர்கள் ஒதுக்கும்போது, அவர்கள் கூற்றில் பாதிதான் உண்மையென்று சொல்லத் தோன்றுகிறது. விலங்காக வேஷங்கட்டுவது நமக்கு மிகப் பழைய கலை. உடல் முழுதும் ரோமம் போர்த்துக்கொள்வதுதான் புதிது. அது இவ்வளவு காலந்தாழ்த்து வந்தமைக்கு நம்மவரின் கற்பனை வறட்சி காரணமன்று. சித்திரை வைகாசி வெயிலே காரணம்.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768-ஆம் ஆண்டளவில் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பிக்கொண்டு சென்னையைத் தம் இருப்பிடமாக்கிய பின்னர், திருவல்லிக்கேணியும் இராயப்பேட்டையும் ஆயிரம் விளக்கும் மொகரம் அனுசரிக்கும் பேட்டைகளாக விளங்கின. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ‘அல்லாசாமி பண்டிகை’ என்று இந்துக்களும் உரிமையோடு கலந்துகொண்ட இத்திருநாளின் ஊர்வலங்களில், தஞ்சை முதலான இடங்களில் புலி வேஷக்காரர் முன்னணியில் ஆடி வருவது வழக்கம். ஹஜ்ரத் அலி அவர்களுக்கு ‘இறைவனின் சிங்கம்’ என்றொரு விருதுப்பெயர் உண்டாதலால், அவ்வீரத்தை நினைவூட்டவே இவ்வேஷம் ஏற்பட்டதென்று கூறுவர். சிங்கம் எவ்வாறு புலியாயிற்று என்று வினவினால், பார்த்தறியாத மிருகத்தைக் காட்டிலும் பக்கத்துக் காட்டு மிருகத்தை ஆடிக்காட்டுவது எளிதென்பதே விடையாகலாம். சென்னை ராஜதானியில் கும்பெனியாரின் வைத்தியராயிருந்த ஹெர்க்லாட்ஸ், தக்கணத்தவரான ஜாபர் ஷரீப்பைக் கொண்டு எழுதுவித்து, தாமே மொழிபெயர்த்து 1832-இல் லண்டனில் வெளியிட்ட ‘கானூனே இஸ்லாம்’ என்னும் நூல், மொகரத்து வேஷங்களை விஸ்தாரமாக வர்ணிக்கிறது. அவற்றுள் புலியும் ஒன்று.

புலி வேஷத்தில் உடை என்பதே ஏறக்குறைய இல்லை. இடையில் ஓர் அரைக்கச்சை, மூங்கில் பிளாச்சின்மேல் துணி சுற்றிய வால், தலையில் காதுகள் பொருந்திய ஒரு கவசம் அல்லது முகமூடி, இவ்வளவே, மற்றவையெல்லாம் வர்ணம். உடம்பின் மயிரைச் சவரஞ் செய்து, மஞ்சள் வர்ணத்தைக் கழுத்து முதல் கணுக்கால் வரை பூசி, அது காயும்வரை கைகளைப் பக்கங்களில் படாமல் அகற்றிவைத்தபடி அசையாமல் நின்று, பின்னர் முதுகெலும்பை நடுவாகக் கொண்டு இருபுறமும் கறுப்பு வரிகளைத் தூரிகையால் இழுத்துக்கொள்ளும் அந்த வேஷதாரி, பறையும் தவிலும் முழங்கத் தொடங்கியதும் தோளை இறக்கி, கழுத்தை முன்னே நீட்டி, முழங்காலை மடக்கி நாலடி வைக்கும்போது, மஞ்சள் பூசிய மனிதன் மறைந்து புலி வந்து நிற்கும். எண்ணெய் வர்ணம் புழக்கத்துக்கு வந்தபின், ஆட்டம் முடிந்த இரவில் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவுவதும், அதனால் தோல் எரிவதும் அவனது தலையெழுத்தாயின. வர்ணமும் வியர்வையைத் தடுக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உச்சி வெயிலில் தெருத்தெருவாக ஆடுகிறவனுக்குக் காற்று நேரே மேனியில் படுவதொன்றே உயிர்ப்பிடி. கம்பளியைப் போர்த்துக்கொண்டு அந்த ஆட்டத்தை ஆடச் சொன்னால், முதல் தெருமுனையைத் தாண்டமாட்டான்.

முகத்தை மூடும் வேஷத்துக்கு வேறொரு மரபு உண்டு. தஞ்சையை அடுத்த மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடைபெறும் பாகவத மேளா நாட்டிய நாடகங்களில், பிரஹலாத சரித்திரத்தின் இறுதியில் தோன்றும் நரசிம்மரின் முகமூடி, நாடகப் பெட்டியில் கிடக்கும் சாமானன்று. பூஜைக்குரிய மூர்த்தியாகவே மதிக்கப்படுவது. அதை அணிகிறவர் விரதம் காப்பர். அணிந்து மேடையேறியபின் ஆவேசம் மிகுந்து, இருபுறமும் ஆட்கள் பிடித்துக்கொள்ள நேர்வதும் உண்டு. சென்னையில் வக்கீலாயிருந்து, தாமே பெண்வேஷமிட்டு, பரதநாட்டியத்தின் பழைய வடிவான சதிரை ஆடி அக்கலையின் மானத்தைக் காத்த இ. கிருஷ்ணய்யர், இந்தப் பாகவத மேளாவின் பெருமையையும் நகரத்து ரசிகருக்கு எடுத்துச் சொன்னவர்களுள் முதன்மையானவர். அடையாற்றில் 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், பின்னாளில் மெலட்டூர் நாடகங்கள் சிலவற்றைத் தம் மேடைக்குக் கொணர்ந்தார்.

அந்தக் கலாக்ஷேத்திரத்தில்தான் ரோம வேஷத்தின் வரலாறு நம் நகரத்தோடு நெருங்கி வருகிறது. கதகளியில் அனுமானுக்குரியது ‘வெள்ளைத் தாடி’ என்னும் வேஷம். வெண்தாடியும் அகன்ற வட்ட முடியும் தரித்து, வானர மேனியைக் குறிக்கும் பொருட்டு வெண்மையான, ரோமம் அடர்ந்தாற்போன்ற கஞ்சுகமொன்றை உடம்பில் அணிந்து அவர் வருவார். தென்னாட்டில் ரோமச் சட்டை பூண்ட வேஷம் எதுவென்று கேட்பவருக்கு இதையே காட்டவேண்டும். ஆனால் கதகளி இரவுக்கலை என்பதை மறத்தலாகாது; ஊரடங்கிய பின்னர், கோயில் வெளியில், எண்ணெய் விளக்கின் முன்னே, விடியும்வரை ஆடுவதற்கென்று வகுக்கப்பட்ட உடையாதலால் அது அங்கே சாத்தியமாயிற்று. அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் ஆகிய ஆசான்கள் கலாக்ஷேத்திரத்தில் கதகளி பயிற்றினர். 1955-இல் ‘சீதா சுயம்வரம்’ தொடங்கி 1970-இல் ‘மஹா பட்டாபிஷேகம்’ வரை ஆறு பகுதிகளாக ருக்மிணி தேவி அமைத்த இராமாயண நாட்டிய நாடகங்களில், ஆண் பாத்திரங்களின் கம்பீர கதிக்கு அக்கலையின் பயிற்சி பெரிதும் கைகொடுத்தது. வானரரும் கழுகரசனும் நிறைந்த காவியத்தை ஆடும்போது, தோலையும் இறகையும் குவித்து மேடையை மிருகக்காட்சிச்சாலையாக்காமல், நடையாலும் நோக்காலும் விலங்கின் இயல்பைப் புலப்படுத்துவதே உயர்ந்த நெறியென்பது என் கொள்கை. அந்நெறிக்கு இங்கே நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு.

இதே அம்மையார் 1952-இல் ராஜ்ய சபையின் நியமன உறுப்பினராகி, பிராணிகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க மசோதா கொணர்ந்து வாதாடியதும், அதன் பயனாக 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்ததும், 1962-இல் ஏற்பட்ட பிராணி நல வாரியத்துக்கு அவரே தலைமை பூண்டதும் தனி வரலாறு. இக்காலத்து வேஷ உடையின் ரோமம் அக்ரிலிக், பாலியெஸ்டர் என்னும் செயற்கை நூல்களால் ஆனது. எந்த ஜீவனும் அதற்காக உயிர்விடுவதில்லையாதலால், அதைப் பார்த்து அவருங்கூட ஆட்சேபம் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கலாம்.

வீட்டில் செய்யும் வேஷத்துக்கும் மயிலையில் வேர் உண்டு. நவராத்திரி மாலைகளில் குழந்தைகளுக்குக் கண்ணனென்றும் ஆண்டாளென்றும் குறவன் குறத்தியென்றும் வேஷமிட்டு, குங்குமச் சிமிழோடு அண்டை வீடுகளுக்குக் கொலுவுக்கு அழைக்க அனுப்பும் வழக்கத்தில், துறுதுறுத்த பையனுக்கு அனுமார் வேஷம் வாய்க்கும். பழைய வேட்டிக் கிழிசலுக்குள் பஞ்சடைத்துத் தைத்த வால் அரைஞாணில் முடியப்படும். அந்தக் காலத்துப் பாட்டிமார் பழங்காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் அரைத்து, அக்கூழைக் கவிழ்த்த பாத்திரத்தின்மேல் அப்பிக் கூடை செய்து உலர்த்தியவர்கள். பொய்க்கால் குதிரைக்கும் நாடக முகமூடிக்கும் தலை செய்யும் கைவினைஞரின் வித்தையும் இதற்குத் தூரமானதன்று: களிமண்ணில் உருவைப் பிடித்து உலர்த்தி, காகிதத் துண்டுகளைப் புளியங்கொட்டைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, இடையே மெல்லிய துணியையும் பொதிந்து, காய்ந்தபின் பிளந்து மண்ணை நீக்கி, பிளவை மீண்டும் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி வர்ணந்தீட்டினால், கையில் கனமில்லாத புலித்தலை ஒன்று வந்துவிடும். மூக்கின் அடியிலும் வாய்க்குள்ளும் விடப்படும் துளைகளே அதன் ஜீவநாடி.

நாடகக் கொட்டகையில் கண்ணையா கம்பெனியாரும் நவாப் ராஜமாணிக்கமும் தசாவதாரத்தைப் பெருங்காட்சியாக நடத்திய காலமும், ‘சம்பூர்ண ராமாயணம்’ 1958-இல் வெள்ளித்திரையில் வானர சேனையைக் காட்டிய காலமும் தனித்தனியே விரித்துரைக்கத் தக்கவை; இங்கே அவற்றைத் தொட்டுச் செல்வதே போதும். தியாகராய நகரத்துக் கடைவாசலில் நின்று குழந்தைகளுக்குக் கைகாட்டும் கரடியும், கல்யாண வரவேற்பில் ஐஸ்கிரீம் மேஜைக்கருகே நிற்கும் எலியும் வந்த பிறகே, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ரோமம் மூடிய உருவம் நம் தெருக்களுக்குப் பழகிற்று. தினக்கூலிக்கு அந்தக் கூட்டுக்குள் நிற்கிறவர் தலையைக் கழற்றித் தண்ணீர் குடிக்கும் கணத்தில் அவர் முகத்தைக் கண்டவர்கள், இவ்வேஷத்தின் கஷ்டம் என்னவென்று அறிவர். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி வெப்பம் பதிவாயிற்று என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிக்கொள்க.

பொழுதுபோக்காக ஃபர்சூட் தைப்போரின் வழி வேறு. அமெரிக்காவில் விஞ்ஞானக் கதை ரசிகர்களின் கூட்டங்களிலிருந்து பிரிந்து, மனிதப் பண்பு கொண்ட விலங்குப் பாத்திரங்களில் ஈடுபட்டவர்கள் 1989-இல் கலிபோர்னியாவில் தமக்கென ஒரு மாநாடு கூட்டினர். 1997-இல் தொடங்கிய ‘ஆன்த்ரோகான்’ 2006 முதல் பிட்ஸ்பர்க் நகரில் கூடிவருகிறது. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் ‘காமிக் கான்’ நடந்தபோது, கதாபாத்திர வேஷங்களைத் தாமே செய்து அணிந்து வந்த நம்மூர் இளைஞரைத் திரளாகக் காண முடிந்தது. குளிரூட்டிய மண்டபம் இல்லாவிடில் அவர்களுள் பலர் அந்த உடைகளைத் தாங்கியிருக்கமாட்டார்கள்.

தைக்கும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்த்தால், பழைய தையற்காரரும் மதிக்கத்தக்க நுட்பங்கள் புலனாகின்றன. பழைய சட்டையொன்றை அணிந்து நின்று, அதன்மேல் ஒட்டுநாடாவை இறுகச் சுற்றச் செய்து, தையல்கோடுகளை அதன்மேலேயே வரைந்து, வெட்டிக் கழற்றினால், தம் உடலின் அச்சே தையல்மாதிரியாகிவிடும். ரோமத் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டலாகாது. துணியைப் புறந்திருப்பி, அடித்துணியை மட்டும் பிளேடால் கீறிப் பிரிக்க வேண்டும். இன்றேல் ரோமம் நுனியறுந்து, தையலிடமெல்லாம் கிராப்பு வெட்டினாற்போல் ஆகிவிடும். மூக்கிலிருந்து வாலை நோக்கியே ரோமம் படியுமாறு ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறியிட்டுக்கொள்வர். தலைக்கு ஃபோம் துண்டுகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கி, முகவாயைச் சுற்றி முடிவெட்டும் மெஷினால் ரோமத்தைக் குறைத்து, கண்ணுக்கு வர்ணந்தீட்டிய வலையைப் பொருத்துவர். வெளியிலிருந்து விழியாகத் தோன்றும் அவ்வலையின் ஊடேதான் உள்ளிருப்பவர் உலகைப் பார்க்கிறார். துணிக்குக் கோடவுன் தெருவும், தலைக்குள் வைக்கும் சிறு மின்விசிறிக்கு ரிச்சி தெருவும் நம் நகரத்தில் இருக்கவே இருக்கின்றன.

பக்கப் பார்வை அறவே இல்லாத இந்த வேஷதாரிக்கு வழிகாட்டத் துணையாள் ஒருவர் கூடவே நடப்பது மேனாட்டு மாநாடுகளிலும் நியதி. உடை கழற்றியபின் உட்புறத்தில் ஸ்பிரிட் தெளித்து, விசிறிக்காற்றில் உலர்த்த வேண்டும். முழுக்க நனைத்துத் துவைப்பதாயின் குளிர்ந்த நீரும் மென்மையான சோப்பும் வேண்டும், வெந்நீரும் இஸ்திரியும் செயற்கை ரோமத்தைச் சுருட்டிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் அடையாற்று மாடி வீடுகளில் வேட்டியே மூன்று நாளைக்குக் காயாதென்பதால், துவைக்கும் வேலையைத் தை மாதத்துக்கு ஒத்திவைப்பதே விவேகம். அவசரப்பட்டவருக்கு நரியின் வாலில் பூஞ்சைதான் பூக்கும்.