என்ஜினுக்குப் பின்னால் ஒரு கால்

டிராக் ரேஸ் கார்னா நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், பறக்கிறதுக்குன்னே செய்தது. 1960களில் 'ஸ்லிங்ஷாட்'தான் ராஜா. கவணில் கல் வைக்கிற மாதிரி, ஓட்டுநர் பின்சக்கரங்களுக்கும் பின்னால் உட்காருவார்.

அதைத்தான் இப்ப 1/25 அளவில் செய்துகிட்டிருக்கேன். ஸ்பார்க் பிளக் ஒயர்கூட மெல்லிய நூலில் தனித்தனியா இழுத்தாச்சு. சீட்டை ஒட்டும்போதுதான் உறைக்குது: என்ஜின் முகத்துக்கு நேரே, கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் ரெண்டு காலுக்கு நடுவில். ஏதாவது வெடிச்சா?

வெடிச்சது. 1970 மார்ச் 8, கலிஃபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத்தளம். டான் கார்லிட்ஸோட 'ஸ்வாம்ப் ராட் 13' கிளம்பின இடத்திலேயே கியர்பாக்ஸ் சிதறி, கார் ரெண்டா உடைஞ்சது. வலது பாதத்தில் பாதி போச்சு.

மனுஷன் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே அடுத்த காருக்குத் திட்டம் போட்டார்: என்ஜின் பின்னால், ஆள் முன்னால். யோசனை புதுசில்லை. முன்னாடியே சிலர் முயன்றிருக்காங்க. கார் நேரா ஓடாம அலைபாய்ஞ்சது. கார்லிட்ஸ் குழு ஸ்டீயரிங்கை மந்தமாக்கினாங்க. கையில் நிறைய திருப்பினாலும் முன்சக்கரம் கொஞ்சம்தான் திரும்பும். அவ்வளவுதான், கார் அடங்கிடுச்சு!

1971இல் பொமோனா விண்டர்நேஷனல்ஸில் அந்தக் காரிலேயே ஜெயிச்சார். 'பாதுகாப்பா இருக்கு'ன்னு மட்டும் சொல்லியிருந்தா எத்தனை பேர் மாறியிருப்பாங்களோ! ஜெயிச்சுக் காட்டினதும் சில வருஷத்திலேயே ஸ்லிங்ஷாட் காணாமப் போச்சு. டாப் ஃப்யூயல் டிராக்ஸ்டர்களில் இன்னிக்கும் ஓட்டுநர் என்ஜினுக்கு முன்னால்தான். அதுக்கு விலை, அரைப் பாதம்.